கிளைகளும் மூலமும்: பிரிந்த பாடங்களை ஒன்றிணைக்கும் நெறிகள்

ஒரு நூலுக்கு இரண்டாவது படி தோன்றும் அன்றே கிளையும் தோன்றிவிடுகிறது. ஏடு எழுதுவோர் இருவர் ஒரே சுவடியை முன்வைத்துத் தனித்தனியே படியெடுப்பாராயின், அவ்விரு படிகளும் முற்றும் ஒத்திரா. ஒருவர் செல்லரித்த இடத்தைத் தம் புலமையால் நிரப்பியிருப்பார். மற்றவர் தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றியிருப்பார். அப்படிகளிலிருந்து மேலும் படிகள் கிளைக்கும். பின்வரும் பதிப்பாசிரியர் அனைத்தையும் விரித்துவைத்து ஒரு நூலாக ஆக்க வேண்டும். இவ்வேலையைத் தமிழுலகம் பாட ஒப்பீடு என்று அறியும். கணிப்பொறி உலகம் இதற்கு நெருங்கிய வேலையொன்றைக் கிளைகளை ஒன்றிணைத்தல் என்கிறது. அதற்கென அமைந்த மென்பொருள்களுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைகள் என்று பெயர்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் வேடிக்கைக்காக அன்று. கணிப்பொறியியல் பயின்று சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் நம் மாணவர் நாள்தோறும் செய்யும் பணி இது. இங்கேயே தங்கும் தமிழ் மாணவருக்கும் இது வேண்டும். பழைய இஸ்லாமியத் தமிழ் நூல் ஒன்றை நால்வர் பகிர்ந்து தட்டச்சுச் செய்து, நால்வரும் நான்கு இடங்களில் பிழை திருத்தினால், இறுதியில் நான்கு நூல்கள் மிஞ்சும். எது கடைசித் திருத்தம் என்று அறியாமல் ஒன்றன்மேல் ஒன்றைப் பதித்துவிட்டால், ஒருவருடைய ஆறு மாத உழைப்பு ஓசையின்றி அழியும். அழிந்தது என்பதுகூட எவருக்கும் தெரியாது. செல் அரித்த ஏட்டிலேனும் துளை தெரியும்.

அடிப்படைக் கருத்தை நம் மண்ணின் தொழிலைக் கொண்டே விளக்கலாம். வேலூர் மாவட்டம் 2019ஆம் ஆண்டு மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம் இராணிப்பேட்டைக்கும், பேர்ணாம்பட்டு வேலூருக்குமாகப் பங்கிடப்பட்டன. மாவட்டம் பிரிந்தது, தோல் தொழில் பிரியவில்லை. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஷூவின் மேற்பகுதிக்கான பேட்டர்ன் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதனை இரு பேட்டர்ன் மாஸ்டர்கள் எடுத்துச் சென்று, வெவ்வேறு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகத் திருத்துகின்றனர். திரும்பி வந்த இரு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், குதிங்கால் பகுதியில் ஒன்று 62 மில்லிமீட்டர், மற்றொன்று 64 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. இங்கு நடந்தது என்ன? முதலாமவர் குறைத்தாரா, இரண்டாமவர் கூட்டினாரா? இரண்டு அட்டைகளை மட்டும் எத்தனை முறை அளந்தாலும் விடை கிடைக்காது. அலமாரியில் பழைய பேட்டர்ன் இருந்தால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். அதில் 62 என்று இருந்தால், கூட்டியவர் இரண்டாமவர். முதலாமவர் அவ்விடத்தைத் தொடவே இல்லை. ஆகவே 64 என்பதே ஒன்றிணைந்த பேட்டர்னில் நிற்கும்.

ஒன்றிணைத்தல் முழுவதற்கும் அச்சாணி இதுவே. இரண்டு படிகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். இரண்டுக்கும் பொதுவான மூலத்தையும் சேர்த்து மூன்றாக ஒப்பிட்டால்தான் மாற்றியவர் யார் என்பது தெரியும். யூனிக்ஸ் இயக்க முறையில் இருகோப்பு ஒப்பீட்டுக் கருவியான டிஃப் 1970களின் நடுப்பகுதியில் வந்தது. மூன்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப்3 என்னும் கருவி 1979ஆம் ஆண்டின் ஏழாம் யூனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்றது. இன்று பெருவழக்காக உள்ள கிட் என்னும் முறையும் இம்மும்முனை ஒப்பீட்டையே ஆதாரமாகக் கொண்டது. லினக்ஸ் இயக்க முறையை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் பணிக்குப் பயன்பட்ட பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதே அதற்குக் காரணம்.

மும்முனை ஒப்பீட்டின் விதி எளியது. ஓரிடத்தை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அம்மாற்றம் ஏற்கப்படும். இருவரும் ஒரே வகையாக மாற்றியிருந்தால் அதுவும் ஏற்கப்படும். இருவரும் வெவ்வேறு வகையாக மாற்றியிருந்தால் பொறி தன் கையை எடுத்துக்கொள்ளும். அவ்விடத்தில் ஏழு கோணக் குறிகளை இட்டு, 'இது இவர் பாடம், அது அவர் பாடம்' என்று இரண்டையும் எழுதிவைத்து, மனிதர் வந்து தீர்க்கட்டும் என்று நிற்கும். இதற்கு முரண் என்று பெயர். முரண் வந்தாலே அஞ்சி நடுங்கும் இளைஞரை நாம் கண்டிருக்கிறோம். அஞ்ச வேண்டியதில்லை. பொறி தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்து சொல்லும் நேர்மையான இடம் அது.

மூலம் இல்லாதவர் பட்ட பாடு

நம் பதிப்பாசிரியர்களுக்கு அலமாரியில் பழைய பேட்டர்ன் இல்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எண்ணிப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த அப்புலவரின் பெருங்காப்பியம், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதனைப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842ஆம் ஆண்டு அச்சேற்றினார். இயற்றலுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்நூல் ஓலையிலும் ஓதுவோர் நாவிலுமே வாழ்ந்தது. கையால் படியெடுக்கப்பட்ட ஒவ்வொரு சுவடியும் ஒரு கிளை. உமறுப் புலவரின் கைச்சுவடி முன்னே இருந்தாலன்றி, எக்கிளை எவ்விடத்தில் மாறியது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோதும் நிலை இதுவே. அவருக்கு ஒரு துணை இருந்தது: நச்சினார்க்கினியர் உரை. மூலச் சுவடிகள் முரண்படும் இடத்தில், உரையாசிரியர் எச்சொல்லுக்குப் பொருள் எழுதினார் என்று பார்த்தால், அவர் காலத்தில் அவர் கையிலிருந்த ஏட்டின் பாடம் வெளிப்படும். உரை இங்கே இடைக்காலத்தில் எடுத்துவைத்த ஒரு சேமிப்புப் படியாகிறது. மூலம் இல்லாவிடினும் மூலத்துக்கு அருகிலுள்ள ஒரு கணு கிடைத்தது. ஐயர் மற்றொன்றும் செய்தார். தாம் ஏற்காத பாடங்களைப் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் இட்டார். விலக்கியதையும் காட்டிச் செல்லும் இப்பண்பு, நம் கணிப்பொறிக் குழுக்கள் பலவற்றில் இன்னும் வரவில்லை என்பது எம் கருத்து.

ஐரோப்பாவில் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் நெறி, சுவடிகளின் உறவைப் பொதுப் பிழைகளைக் கொண்டு அறியச் சொல்கிறது. சரியான பாடத்தில் இரு சுவடிகள் ஒத்திருப்பது எதனையும் காட்டாது. மூலத்திலிருந்தே இரண்டும் பெற்றிருக்கலாம். ஒரே விந்தையான பிழையில் ஒத்திருந்தால் இரண்டும் ஒரு தாயின் மக்கள். இவ்வாறு பிழைகளைக் கோத்துக் குலமரம் வரைந்து, அழிந்துபோன மூலத்தை ஊகிப்பர். ஆனால் படியெடுத்தவர் இரண்டு சுவடிகளை முன்வைத்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எடுத்திருந்தால் மரம் குழம்பிவிடும். கிட் முறையிலும் இதே குழப்பம் உண்டு. இரு கிளைகள் பல முறை ஒன்றையொன்று கலந்திருந்தால், பொதுமூலம் என்று சொல்லத் தக்கவை இரண்டு மூன்று தென்படும். அப்போது அம்மூலங்களையே முதலில் ஒன்றிணைத்து, கற்பனையான ஒரு மூலத்தைச் சமைத்து, அதனை வைத்துக் கிளைகளை ஒப்பிடும் வழியை அது மேற்கொள்கிறது. ரிகர்சிவ் என்று வழங்கிய இவ்வுத்தியின் இடத்தில், 2021ஆம் ஆண்டு வெளிவந்த 2.34ஆம் பதிப்பு முதல் ஆர்ட் என்னும் திருந்திய வடிவம் இயல்பு உத்தியாக அமைந்துள்ளது. ஊகித்த மூலத்தை வைத்து ஒப்பிடும் துணிவு, ஏட்டு ஆராய்ச்சியாளருக்கும் பொறிக்கும் பொதுவாயிற்று.

ஒன்றாய்த் தோன்றி வேறாய் நிற்பவை

ஒப்பிடுமுன் எழுத்தைச் சீர்செய்ய வேண்டும். ஓலையில் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறு பிரித்தறிய இயலாதவாறு இருந்தன. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே இரு படிகளில் காணும் வேறுபாடு பாட வேறுபாடா, படித்தவர் வேறுபாடா என்று முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேற்றுமை காட்டிய பின்னும், அச்சு வந்து நிலைபெறும் வரை இக்குழப்பம் தொடர்ந்தது.

புதிய யுகத்தில் இது ஒழிந்தது என்று எண்ணுவோர் ஒருங்குறியை உற்றுநோக்க வேண்டும். 'கொ' என்னும் எழுத்தைக் கணிப்பொறி இரண்டு வகையில் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒருவகை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பீட்டுக் கருவிக்கு இரண்டும் வேறு. ஒரு மாணவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றவர் வேறொன்றிலும் தட்டச்சுச் செய்திருந்தால், கண்ணுக்குப் புலப்படாத முரண்கள் நூற்றுக்கணக்கில் எழும். இவற்றை இயல்பாக்கம் என்னும் ஒரு செயலால் ஒருசீராக்கலாம். அதனை ஒன்றிணைப்புக்கு முன் செய்ய வேண்டும். பின் செய்வதில் பயனில்லை. வரி முடிவைக் குறிக்கும் முறை விண்டோஸில் ஒன்றும் லினக்ஸில் ஒன்றுமாக இருப்பதும் இதே வகைத் தொல்லையே.

இயல்பாக்கத்துக்கு அகப்படாத ஒன்றும் உண்டு. 'மௌலவி' என்னும் சொல்லில் ஔகாரக் குறியின் பின்பகுதியைப் பலர் ளகர எழுத்தாகவே தட்டச்சுச் செய்கின்றனர். அப்போது அது 'மெளலவி' ஆகிறது. பொறிக்கு இது ம, ள இரண்டும் கொண்ட வேறு சொல். ஒருங்குறி விதி இதனை ஒன்றென ஏற்காது. இங்கே தமிழ் அறிந்த கண் ஒன்றே மருந்து. மௌலானா, கௌஸ், தௌஹீத் என்று நம் நூல்களில் இக்குறி வரும் இடங்கள் மிகுதியாதலின், நம் துறையினர் இதில் சிறப்பாகக் கவனம் வைத்தல் நலம்.

நெறிகள் சில

கிளைகளைச் சேர்க்கும் வழிகள் பலவாயினும், எல்லாவற்றையும் ஒரே அளவில் விரிக்க வேண்டியதில்லை. ஒருவர் வேலை செய்துகொண்டிருக்க மற்றவர் எதுவுமே செய்யாதிருந்தால், அங்கே சேர்க்க எதுவுமில்லை. முதன்மைக் கிளையின் முனையை முன்னகர்த்தினால் போதும். பல கிளைகளை ஒரே பதிவில் கட்டும் ஆக்டோபஸ் முறையும் உண்டு. முரண் இல்லாத சிறு கிளைகளுக்கே அது ஏற்றது. 2014ஆம் ஆண்டு 66 பெற்றோரைக் கொண்ட இணைப்பு ஒன்று லினக்ஸுக்கு வந்தபோது, அது மிகை என்று டோர்வால்ட்ஸே சுட்டிக்காட்டினார்.

ஆழ்ந்து எண்ண வேண்டியது ரீபேஸ் எனப்படும் அடிமாற்று முறை. இருவர் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து வேலை செய்தனர். ஆயினும் இரண்டாமவர், முதலாமவரின் வேலை முடிந்த பின்னரே தாம் தொடங்கியதுபோலத் தம் பதிவுகளை மீண்டும் எழுதிக்கொள்கிறார். வரலாறு ஒரே நேர்கோடாகத் தோன்றும், படிப்போருக்கு எளிது. ஆனால் அது நடந்த வரலாறு அன்று.

நம் சமூகத்துப் பெரியோருக்கு இதனை ஹதீஸ் கலையின் துணைகொண்டு எளிதில் விளக்கலாம். அக்கலையில் செய்தி ஒன்று, அது வந்த வழி ஒன்று. வழியை இஸ்னாத் என்றனர். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் தொடர் அறுபடாது நிற்றல் வேண்டும். தொடரிலுள்ள குறையை மறைத்து அறிவிப்பதைத் தத்லீஸ் என்று பெயரிட்டுக் குறையாக எண்ணினர். ஒரே செய்தி இரு வழிகளில் வந்தால், இரண்டையும் மறைக்காது குறித்தனர். கிட் முறையிலும் ஒவ்வொரு பதிவும் தன் பெற்றோர் எவர் என்பதைத் தன்னுள் தாங்கியுள்ளது. ஒன்றிணைப்புப் பதிவுக்குப் பெற்றோர் இருவர். மார்க்கக் கலையின் மாண்பும் மென்பொருளின் பயனும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கவை அல்ல. வழியைக் காக்கும் அக்கறை ஒன்றையே இங்கு ஒப்பிடுகிறோம். இதனடிப்படையில் எம் முடிவு இது: எவரிடமும் தராத, தம் மேசையிலேயே உள்ள வரைவை ஒருவர் எத்தனை முறையும் அடிமாற்றிக்கொள்ளலாம். பிறர் அதனைப் படியெடுத்துச் சென்ற பின் அடிமாற்றுதல் ஆகாது. படியெடுத்தவர் கையில் இருப்பது இனி எத்தாய்க்கும் பிறவாத சேயாகிவிடும்.

பலநாள் பதிவுகளைத் திரட்டி ஒரே பதிவாக்கும் முறை இதனினும் மென்மையானது. 'பிழை திருத்தம்', 'மீண்டும் பிழை திருத்தம்' என்னும் முப்பது பதிவுகள் எவருக்கும் வேண்டா. ஆனால் முப்பதும் ஒரே மாணவரின் உழைப்பாக இருக்கும்போதுதான் திரட்டலாம். நால்வர் உழைப்பைத் திரட்டினால் மூவர் பெயர் பின்னுக்குப் போய்விடும்.

'எமதே' என்னும் பொருளில் அமைந்த அவர்ஸ் என்னும் உத்தி ஒன்று உண்டு. அது மற்றக் கிளையின் ஒரு சொல்லையும் ஏற்காது. ஆயினும் அக்கிளை இணைக்கப்பட்டது என்று ஏட்டில் எழுதிவிடும். பின்னர் எவரேனும் அக்கிளையை உண்மையாகவே சேர்க்க முயன்றால், 'அது முன்பே சேர்ந்துவிட்டது' என்று பொறி மறுத்துவிடும். முன்னுரையில் பன்னிரண்டு சுவடிகளை ஒப்பிட்டதாகப் பட்டியலிட்டு, நூலுள் ஒரு சுவடியையே அச்சிடும் பதிப்பாசிரியரை இது நினைவூட்டுகிறது. கைவிட்ட சோதனை முயற்சிகளை முடித்து வைப்பதற்கன்றி இதனைக் கையாளலாகாது.

முரணின்றி வரும் பிழை

முரணே பெரும் இடர் என்பது பொதுவான எண்ணம். முரண் எழாமல் வரும் பிழையே இடர்களுள் கொடிது. நூறு பாடல் கொண்ட ஓர் அந்தாதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாகும். நூறாம் பாடலின் ஈறு முதற் பாடலின் தொடக்கத்தோடு சென்று மண்டலிக்கும். நம் கையிலுள்ள மூலச் சுவடியில் முதற் பாடல் 'திரு' என்று தொடங்குகிறது. நூறாம் பாடல் 'ஒளி' என்று முடிகிறது. ஏடெழுதியவர் பிழைத்துள்ளார், மண்டலம் கூடவில்லை. ஒரு மாணவர் தம் கிளையில் நூறாம் பாடலின் ஈற்றைத் 'திரு' என்று திருத்துகிறார். மற்றொரு மாணவர் தம் கிளையில் முதற் பாடலின் தொடக்கத்தை 'ஒளி' என்று திருத்துகிறார். தனித்தனியே நோக்கின் இருவர் பாடமும் அந்தாதி இலக்கணத்துக்கு இயைந்தவை. இரண்டையும் ஒன்றிணைத்தால் பொறி என்ன செய்யும்? இருவரும் தொட்ட இடங்கள் நானூறு அடிகள் தள்ளி நிற்கின்றன. எவ்விடத்திலும் மோதல் இல்லை. பொறி இரு திருத்தங்களையும் மகிழ்ச்சியோடு ஏற்று, இணைப்பு நிறைவுற்றது என்று அறிவிக்கும். விளைந்த நூல் 'ஒளி' என்று தொடங்கித் 'திரு' என்று முடியும். இரண்டு சரியான திருத்தங்கள் கூடி, பழைய பிழையைத் தலைகீழாக்கி மீண்டும் நிறுவிவிட்டன.

மென்பொருளிலும் இதுவே நிகழ்கிறது. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை எல்லா இடத்திலும் மாற்றுகிறார். அதே வேளையில் மற்றவர் புதிய கோப்பொன்றில் அதனைப் பழைய பெயரால் அழைக்கிறார். இணைப்பு முரணின்றி முடிகிறது; நிரல் இயங்க மறுக்கிறது. நிரலுக்கேனும் சோதனைகள் எழுதிவைத்து, இணைத்தவுடன் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். அந்தாதிக்கும் அவ்வாறு ஒரு சோதனை எழுதலாம். ஈறும் முதலும் ஒக்கின்றனவா என்று பார்ப்பது பொறிக்கு எளிது. எதுகை மோனைக்கும் ஓரளவு இயலும். பொருளுக்கு இயலாது. ஆதலின் இணைத்த பின் முழுநூலையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ஏட்டைப் பார்த்துக் கேட்கும் பழைய முறைக்கு இன்றும் ஓய்வு தர இயலாது.

நீண்ட நாள் பிரிந்த கிளை சேர்வது அரிது என்பதையும் கருத வேண்டும். முப்பது நாளுக்கு ஒருமுறை சேர்ப்போர்க்கு வரும் முரண்கள் நாள்தோறும் சேர்ப்போர்க்கு வருவதில்லை. வந்தாலும் திருத்தியவர்க்குக் காரணம் நினைவில் இருக்கும். கோப்பை அமைக்கும் முறையும் உதவும். கிட் வரி வரியாக ஒப்பிடுவது. செய்யுளை அடிக்கு ஒரு வரியாக எழுதுவதால் அது செய்யுளுக்கு இயல்பாகவே ஒத்துவருகிறது. உரைநடையில் ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டச்சுச் செய்தால், பத்தியின் தலைப்பில் ஒருவரும் கடையில் ஒருவரும் ஒரு சொல்லை மாற்றினாலே முரண் என்று நிற்கும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுதல் தக்கது.

முரண் தீர்த்த பின் பதிவுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் 'சரிசெய்யப்பட்டது' என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவோர் பலர். எவருடைய பாடம் ஏற்கப்பட்டது, எது விலக்கப்பட்டது, எச்சுவடியை அல்லது எந்த அச்சுப் பதிப்பை நோக்கி அம்முடிவு எடுக்கப்பட்டது, முடிவில் ஐயம் உண்டா என்னும் நான்கையும் இரண்டு மூன்று வரிகளில் எழுதிவிடலாம். விலக்கப்பட்ட பாடத்துக்கு உரியவர் அதனைப் படித்து மறுப்பு எழுத விரும்பினால், அவருடைய கிளை அழியாமல் அங்கேயே இருக்கும்.